ஆறு வரிசை, இரண்டு வரிசை

கே.ஜி. சாவடி ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு மேலே
தகரக் கூரை அறை.
இரைச்சலைத் தவிர அங்கே யாரும் இல்லை என்றுதான்
கீழே நினைக்கிறார்கள்.
இருக்கிறோம். நானும் வேணுக்குட்டனும்.

ஜூன் ஒன்பது.
கணவாய் வாயைத் திறந்து இரண்டு நாள்.
வாளையாரில் லாரிகள் வரிசையில் நிற்க
காற்று மட்டும் நிற்காமல் வருகிறது
அரபிக்கடலில் கொஞ்சத்தை மடியில் கட்டிக்கொண்டு.

ஆபரேஷன் தியேட்டரில் சுவர் வியர்க்கிறது.
டாக்டர் மெஹரூன் போனில் சொன்னது ஒரே வாக்கியம்:
"எனக்கு நடுங்குது, விளக்குக்கு வேர்க்குது,
இதில நான் எதைத் தைக்க?"

நான்கு திருகு கழற்றிப் பலகையை எடுத்தால் காயில்.
செம்புக் குழாய் போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
சாவியை மறந்தவள் நடை.
அலுமினியத் தகடு அங்குலத்துக்குப் பன்னிரண்டு.
நாலு வளைந்தால் போதும்
காற்று கோபித்துக்கொண்டு வேறு வழி பார்க்கும்.
நிமிர்த்த ஒரு சீப்பு உண்டு.
என் பையில் தலைச் சீப்பு இல்லை, அது இருக்கிறது.

எத்தனையோ பார்த்தாயிற்று.
பாலக்காட்டு நகைக்கடையில் கேஸ் காயில்:
முன்கோபி. நொடியில் குளிரும்,
பில்டர் அடைத்தால் ஐஸைப் போர்த்திப் படுத்துவிடும்.
ஊட்டி ஓட்டலில் நீராவிக் காயில்
இரவெல்லாம் சுத்தியல் அடித்ததில்
தேனிலவு ஜோடி அறையைக் காலிசெய்தது.
கஞ்சிக்கோடு கிடங்கில் கரண்டுச் சுருள்.
அதன் பில்லைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இது தண்ணீர்க் காயில்.
ஏழு டிகிரியில் நுழைந்து பன்னிரண்டில் வெளியேறும்,
ஆறு வரிசை.
அதற்குப் பின்னால், ஒல்லியாக, இரண்டே வரிசையில்
வெந்நீர்க் காயில்.
வால்வில் சிவப்பு அட்டை: மூடி வைக்கவும், மேலாளர்.
"இந்த ஊருக்கு ஹீட்டரா?" என்று கேட்டாராம்,
ஆடிட்டர் சிரித்தாராம்,
அத்தோடு முடிந்தது.

எப்படிச் சொல்வது அவருக்கு?
துணியைப் பிழிய முறுக்க வேண்டும்,
காற்றைப் பிழியக் குளிர்விக்க வேண்டும்.
பத்தொன்பது வந்ததும் குளிர்நீர் வால்வு கண்ணை மூடிக்கொள்கிறது,
பாதி பிழிந்த துணியோடு.
பத்துவரை இறக்கி முழுக்கப் பிழி,
பிறகு இந்த ஒல்லிக்காரியிடம் கொடு,
ஒன்பது டிகிரியை அவள் திருப்பித் தருவாள்.
குளிரவைத்ததைச் சுடவைப்பது வீண்தான்.
கழுவிய தட்டைத் துடைப்பதும் வீண்தான்.

வேணுக்குட்டன் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.
வால்வு கால் திருப்பு. அரை.
குழாயில் கை வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை,
பிறகு பூனையின் வயிறு.

ஈரம் எழுபத்துநான்கு.
அறுபத்தாறு.
டீ வந்து ஆறிப்போனது.
ஐம்பத்தாறு.
கீழேயிருந்து போன் வரவில்லை.
இந்த வேலையில் நன்றி அப்படித்தான் வரும்.

தட்டிலிருந்து குழாய்வழி நீர் இறங்கியபடி இருந்தது.
ஆற்றுக்கும் அணைக்கும் இரு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க
இது ஒப்பந்தம் ஏதுமில்லாமல்
நான் பக்கெட் வைத்து அளந்ததில் மணிக்கு முப்பது லிட்டர்.

அவன் ஒரு கேன் பிடித்துக்கொண்டான்,
வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு.
எல்லையில் நம் காவலர் டார்ச் அடித்தாராம்.
"கேன்ல என்னய்யா?"
"வெள்ளம்."
இந்தப் பக்கம் அந்தச் சொல் வந்தால் ஊரை இழுத்துப்போகும்,
அந்தப் பக்கம் விருந்தாளிக்கு டம்ளரில் கொடுப்பார்கள்.
"எவ்வளவு வெள்ளம்?"
"பத்து லிட்டர்."
போ என்று கை காட்டினாராம்.
கடலிலிருந்து வந்தது பைக்கில் மேற்கே திரும்பியது.

காலையில் போன் செய்தான்:
சட்டையோடு துவைத்ததில் அட்டை கரைந்துவிட்டது,
இரண்டு வேட்டி சிவப்பு,
மேலாளர் கேட்டால் என்ன சொல்ல?